தறிக்குழி நாட்டைக் காலி செய்த நாள்

“…நாப்பத்திரண்டு பேருக்கும் எடம் சொல்லியாச்சுப்பா. இவரு ஒருத்தருதான் அவுர மாட்டேன்றாரு. கத்திரிய மட்டும் எடுக்காதீங்க, சொல்லிட்டேன்!”

இதைச் சொன்னது என் மகள். அப்போது அவளுக்குப் பத்து வயது. தறிக்குழிக்குள் உட்கார்ந்து, முகத்தை மட்டும் மேலே தூக்கிச் சொன்னாள். மேலே அவள் அப்பா கத்திரிக்கோலை எடுத்தே விட்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கொத்துப் பட்டு இழை தொங்கியது. அதில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு.

அந்த முடிச்சு ஓர் ஆள். அதுதான் சங்கதி.

ஊரடங்கில் பள்ளிக்கூடம் மூடி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஆரணியில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. எங்கள் வீட்டில் இரண்டு தறி. முன்னறைத் தறி விட்டு விட்டு ஓடியது. உள்ளறைத் தறிக்குப் பாவே வரவில்லை.

நெசவு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தறியில் நெடுக்காக ஓடுகிற நூல்தான் பாவு. ஒரு பாவு முடிந்து கடைசிச் சேலையை அறுத்து எடுக்கும்போது, மிச்ச இழைகளைத் தறியிலிருந்து உருவிவிட மாட்டோம். விழுது என்று நூல் கண்ணிகள் வரிசையாக இருக்கும். ஒரு கண்ணிக்கு ஓர் இழை. அந்த இழைகளை ஒரு முழம் நீளத்துக்கு அப்படியே விட்டு வைப்போம். புதுப் பாவு வந்ததும் அதன் ஒவ்வோர் இழையையும் பழைய நுனியோடு சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அது என் வேலை. நான் எட்டாவதோடு நின்றவள். மற்றதையெல்லாம் இழை முறுக்கிக்கொண்டே, வருகிறவர் போகிறவர் பேசுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பழைய நுனிகளைத் துணியில் சுற்றி மேலே கட்டி வைப்பது வழக்கம். இந்த முறை என் வீட்டுக்காரர் கட்டவில்லை. “ரெண்டு வாரத்துல பாவு வந்துடும். எதுக்குக் கட்டிகினு, அவுத்துகினு” என்றார். இரண்டு வாரம் மாதங்களாகி, மாதங்கள் ஒரு வருஷத்தையும் தாண்டின. நுனிகள் விழுதுக்குப் பின்னால் குழிக்குள் தொங்கிக்கொண்டே கிடந்தன, ஆலமர விழுதுபோல.

அந்தக் குழிக்குள்தான் என் மகளும் அடுத்த வீட்டு அக்கா தங்கை இரண்டு பேரும் இறங்கினார்கள். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஆறு. நெசவாளி காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்கிற அந்தப் பள்ளத்தில் மூன்று பேரும் நெருக்கி உட்காரலாம். காலையில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவார்கள். அங்கே ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் யாரும் எழுந்து நிற்கக் கூடாது. சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. என் மகள்தான் அங்கே ராணி. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அடுத்த வீட்டுக்காரி ஒருநாள் வாசலில் நின்று சொன்னாள்: “அக்கா, எம் புள்ளைங்க ஊட்டுல கீதுங்களா, வெளியூர் போயிட்டுதுங்களான்னே தெரியல. சோறு போட்டா ‘இது எங்க நாட்டுக் கணக்குல நேத்து சோறு’ன்னுதுங்க.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சின்னவளை நினைத்து அவளுக்கு உள்ளூரக் கவலை. ஒன்றாம் வகுப்பில் பேர் மட்டும் இருக்கிறது, பிள்ளை பள்ளிக்கூடத்தையே பார்த்ததில்லை.

பிறகு ஒரே வாரத்தில் எல்லாம் வந்தது. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறார்கள் என்று செய்தி வந்தது. உள்ளறைத் தறிக்குக் கல்யாணச் சேலைப் பாவும் வந்தது. முகூர்த்தம் குறித்தாகிவிட்ட சேலை, ஜல்தியாக முடித்துக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் இழை முறுக்க ஆரம்பித்தாக வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலையில் தெருவிலே பாவை நீட்டி, கஞ்சி போட்டு, சுற்றி வைத்தோம்.

ஞாயிறு காலை உள்ளறை விளக்கைப் போட்டுத் தறிக்குப் பின்னால் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏமே, இங்க வா. இன்னா இது?”

போய்ப் பார்த்தேன். தொங்கிய இழைகள் முழுவதும் கொத்துக் கொத்தாக முடிந்திருந்தன. முடிச்சுக்கு மேலே கலர் கலராக நூல் துணுக்கு, ஜரிகைக் கழிவு, பொத்தான், ஒன்றில் மிளகு. இழை ஒன்றோடொன்று சிக்கியிருந்தால் வரிசை போச்சு. முடிச்சை வெட்டலாம் என்றால், விழுதுக்கும் முடிச்சுக்கும் நடுவில் ஒரு விரல்கடை கூட மிச்சமில்லை, முறுக்கப் பிடி கிடைக்காது. மொத்த இழையையும் கண்ணி கண்ணியாக மறுபடி கோக்க வேண்டும். மூன்று நாள் நான்கு நாள் பேஜார். சேலை முகூர்த்தத்துக்குப் போய்ச் சேராது.

பிள்ளைகளைக் கூப்பிட்டோம். அடி விழும் என்று நினைத்தார்களோ என்னவோ, மூன்று பேரும் வரிசையாக வந்து நின்றார்கள்.

“யாரு கட்டினது?”

“அவங்கல்லாம் எங்க நாட்டு ஜனங்கப்பா” என்றாள் என் மகள். “நாப்பத்தி மூணு பேரு.”

“நாளைக்கு ஸ்கூலு. இன்னிக்குப் பாவு. உன் ஜனங்கள வெச்சிகினு நான் இன்னா பண்றது?”

அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் தறியைப் பார்த்தாள். “சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. எல்லாரையும் குடி வெச்சிட்டு வந்துடறோம்” என்றாள். எடுத்தெறிந்து பேசவில்லை, கெஞ்சவும் இல்லை. வீட்டைக் காலி செய்கிற பெரிய மனுஷி பேசுகிற மாதிரி இருந்தது.

மூன்று பேரும் குழிக்குள் இறங்கினார்கள். முதல் கொத்தை என் மகள் கையில் எடுத்தாள். “தூங்குமூஞ்சி ராட்சசன்” என்றாள்.

“படவேட்டு மலைக்கு” என்றாள் எட்டு வயதுக்காரி. “அங்க பஸ்ஸு கம்மி. யாரும் எழுப்ப மாட்டாங்க.”

சின்னவள் தலையாட்டினாள். என் மகள் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்தது. இழைகள் பிரிந்து வரிசையாக விழுந்தன. ஒன்றுகூடச் சிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். உருவாஞ்சுருக்கு! ஒரு முனையை இழுத்தால் அவிழ்கிற முடிச்சு. வேலைக்கு நடுவில் எழுந்து போகும்போது அவர் போடுகிற முடிச்சேதான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“ஏம்மா, இப்படிக் கட்டணும்னு எப்பத் தோணிச்சு?” என்று கேட்டேன்.

“மொத நாளே. பாவு வந்தா காலி பண்ணணும் இல்லம்மா?” என்றாள், அடுத்த கொத்தை எடுத்தபடி.

பிள்ளைகள் எங்கேயோ தொலைந்துபோய்விட்டார்கள் என்று நாங்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அவர்களோ முதல் நாளே திரும்பி வரும் வழியையும் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள்.

அன்று முழுக்க அந்த அறையை விட்டு என்னால் நகர முடியவில்லை. காற்று விற்கிறவர் பஞ்சர் கடைக்குப் போனார். ஏழு கை தையல்காரருக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் டெய்லர் கடை, யூனிபார்ம் தைக்க ஆள் பற்றவில்லையாம். புகையைத் தின்று வாழும் அக்காள் தங்கை இட்லிக் கடைக்கு. நிழல் இல்லாத குதிரைக்குச் சந்தவாசல் சாலைப் புளியமர நிழல். விடை மட்டும் தெரிந்து கேள்வி தெரியாத ஒருவர் இருந்தார். அவருக்குப் பள்ளிக்கூடம். “என் கிளாஸுக்கு அனுப்பு, எனக்கு உதவும்” என்றாள் எட்டு வயதுக்காரி.

அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். “இன்னாக்கா, ஊரே காலியாவுது? ரெண்டு பேர எங்க ஊட்டுக்கு அனுப்புங்க, ரேஷன் கார்டுல சேத்துக்கிறன். பாத்திரம் தேய்க்கிற ஆளா பாத்து அனுப்புங்க.”

“அப்படி யாரும் எங்க நாட்டுல இல்ல, போம்மா” என்றாள் சின்னவள்.

மத்தியானத்துக்கு மேல் ஓர் அதிசயம். அதிகம் பேசாத என் வீட்டுக்காரர் தறிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “அடுத்தது யாரு?” என்றார்.

“எப்பவும் பாடிகினே இருக்கற தாத்தாப்பா. எங்கயும் வெச்சிக்க மாட்டேன்றாங்க.”

அவர் நிஜமாகவே யோசித்தார். “கலசப்பாக்கத்துல என் சித்தப்பா கீறாரு. காது கேக்காது. அவர் ஊட்டுக்கு அனுப்பு.”

மூன்று பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். முடிச்சு உருவியது. அவர் ஒவ்வோர் இழையாக நீவி வரிசை பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

கடைசியில் மிஞ்சியது அந்தப் புளியங்கொட்டை முடிச்சு. வாசல் காவல்காரர். அவர் எங்கும் போய்விடக் கூடாது என்று அவருக்கு மட்டும் இறுக்கி, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டிருந்தார்கள். படவேடு என்றார்கள், சினிமா தியேட்டர் வாசல் என்றார்கள், பள்ளிக்கூட கேட் என்றார்கள். நகம் வைத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஒரு கொத்துதானே” என்று என் வீட்டுக்காரர் கத்திரிக்கோலை எடுத்தார். “அம்பது இழை போனா போவுது. அத மட்டும் நான் கோத்துக்கிறன்.” அப்போதுதான் என் மகள் கத்திரியை எடுக்காதீங்க என்று அப்படிச் சொன்னாள். அதுவரை அழாதவள், குரல் உடைந்து சொன்னாள். அவர் கை அப்படியே நின்றது.

பள்ளிக்கூடத்தையே பார்க்காத அந்த ஆறு வயதுப் பிள்ளைதான் முதலில் வாயைத் திறந்தது.

“அவருக்கு எடம் வேணாம்க்கா. ராணி உள்ளயே கீறீங்க. அவரு எப்படிப் போவாரு?”

என் மகள் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு மிதியில் கால் வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, குழியை விட்டு ஏறினாள். பாவாடை மண்ணைத் தட்டினாள். தறியைச் சுற்றிப் பின்பக்கம் வந்து, அப்பா பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். ஊசி கேட்டாள். கொடுத்தேன். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஊசி முனையால் முடிச்சை நெகிழ்த்தி, ஒவ்வொரு சுற்றாகக் கழற்றி, அத்தனை இழைகளையும் உள்ளங்கையில் நீவிப் பிரித்து, அப்பாவிடம் நீட்டினாள்.