குங்குமம் பழுப்பாகத் தெரிந்த அமாவாசை

போன தை மாதத்திலிருந்து என் கண்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. இரண்டும் பிதுங்கி வெளியே நிற்கின்றன. இமை முழுதாக மூடாது. ஓயாமல் நீர் வழியும். எதைப் பார்த்தாலும் இரண்டு. செஞ்சியில் எல்லோருக்கும் ஒரு ராஜகிரிக் கோட்டை மலை, எனக்கு இரண்டு. தலையைச் சாய்த்தால் கொஞ்சம் சேரும். இல்லையென்றால் இடக் கண்ணைப் பொத்திக்கொள்ள வேண்டும். தைராய்டு கண்ணைப் பிடித்துவிட்டது என்றார் புதுச்சேரி மருத்துவர்.

தாலுகா ஆபீஸில் எந்த மனு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று ஊருக்கே வழி சொல்லி ஓய்வு பெற்றவள் நான். என் கண்ணுக்கு வழி தெரியவில்லை. நரம்பில் ஸ்டீராய்டு ஏற்றலாம். எனக்கு இருக்கிற சர்க்கரை இன்னும் ஏறும். கதிர்வீச்சு கொடுக்கலாம், சர்க்கரைக்காரர்களுக்கு அதிலும் யோசனை. கண்குழி எலும்பைக் குறைக்கலாம். அதற்கு வீக்கம் அடங்க வேண்டும். புதிதாக ஒரு ஊசி உண்டு; அது காதைக் கெடுக்கலாம். மருத்துவர் ஸ்டீராய்டைத்தான் சொன்னார். "யோசிங்க. ஆனா ஒரு கண்ணுல நிறம் மங்கினா நரம்பு நசுங்குதுன்னு அர்த்தம். அப்ப யோசிக்காதீங்க, அன்னிக்கே வாங்க. விட்டா பார்வை போயிடும்."

நான் எல்லாவற்றையும் படித்தேன். படிக்கப் படிக்க முடிவு தள்ளிப்போனது. ஊரோ தினம் ஒரு வைத்தியம் சொன்னது. சிங்கவரத்தில் இருக்கும் என் நாத்தனார் கஸ்தூரி, "தாய்ப்பால் வுடு அண்ணி, சரியாப்பூடும்" என்றாள். காய்கறிக்காரம்மா, "இன்னாத்துக்கு மொறைக்கிற? தக்காளி வெலய நானா ஏத்தினேன்?" என்றார்.

ஒரு நாள் பூஜையறையில் உட்கார்ந்து அழுதேன். அங்காளி எங்கள் குலதெய்வம். "எனக்கு முடிவெடுக்கத் தெரியல. எதுன்னு நீயே சொல்லு. கண்ண மட்டும் எடுத்துக்காத" என்று வேண்டினேன்.

ஆடி அமாவாசையன்று, வெள்ளிக் கண்மலர் காணிக்கை போடலாம் என்று கஸ்தூரி என்னை மேல்மலையனூர் அங்காளி கோயிலுக்கு இழுத்துப் போனாள். குளித்த ஈரம் காய விரித்த தலை. இமைக்காத கண்கள். வழிகிற நீர். சாய்ந்த கழுத்து. வரிசையில் முன்னால் குங்குமத் தட்டோடு நின்ற அம்மா திரும்பினார். கைகூப்பிவிட்டார்.

"ஆத்தா வந்துட்டா. எம்மவனுக்கு எப்ப தாயி கல்யாணம் ஆவும்?"

"அருள் இல்லம்மா. எனக்குத் தைராய்டு."

"ஆத்தா வெளையாடுறா" என்றாள் பக்கத்தில் ஒருத்தி. நான்கைந்து பேர் காலில் விழுந்தார்கள். கஸ்தூரியாவது மறுப்பாள் என்று பார்த்தேன்.

"இம்மாம் பேரு கேக்குறாங்க. ஏதாச்சும் சொல்லி வுடு அண்ணி."

மருத்துவச் சான்றிதழ் காட்டினாலும் அந்தக் கூட்டத்தில் செல்லாது. அதற்குள் அந்த அம்மா ஒரு கை குங்குமத்தை என் நெற்றியில் அப்பினார். பாதி வலக் கண்ணுக்குள் போனது. அதை இறுக்கப் பொத்திக்கொண்டு, வழக்கமாக மறைக்கிற இடக் கண்ணால் தட்டைப் பார்த்தேன்.

"குங்குமம் ஏம்மா பழுப்பா இருக்கு?"

"நல்லா செவந்து கெடக்குது தாயி. இப்பதான் பிரிச்சேன்."

பாட்டில் தண்ணீரால் வலக் கண்ணைக் கழுவிவிட்டுப் பார்த்தேன். சிவப்பு. இடக் கண்ணால் மட்டும் பார்த்தேன். காப்பித்தூள் நிறம். பூஜையறையில் நான் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது.

"உம் மவன் கல்யாணத்த அவனையே கேளு. நான் ஆஸ்பத்திரி போவணும்" என்றேன்.

"கண்மலர் போட்டுட்டுப் போலாமே அண்ணி?"

"நீ போட்டுட்டு வா."

அன்று மாலையே புதுச்சேரியில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். சர்க்கரை எகிறியது, இன்சுலின் போட்டார்கள், முகம் பூசணிக்காய் ஆனது. ஆனால் சில வாரங்களில் இடக் கண்ணுக்குச் சிவப்பு திரும்பி வந்தது. இன்னும் தாமதித்திருந்தால் அந்தப் பார்வையை மீட்டிருக்க முடியாது என்றார் மருத்துவர்.

கண் இன்னும் பிதுங்கித்தான் இருக்கிறது. வீக்கம் அடங்கியதும் எலும்பு அறுவை. ஒரே பேச்சில் சம்மதித்துவிட்டேன். தற்செயல் என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அங்காளி இன்னும் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லியிருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு. அதை அவளிடமே சொல்லிவிட்டேன். நன்றியையும் தினமும் சொல்கிறேன்.

உங்கள் கஷ்டத்தையும் அவளிடம் கொண்டுபோங்கள். அவள் பதில் சொல்வாள். சொன்ன பிறகு மறுபடி ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். எழுந்து பஸ் ஏறுங்கள்.