பின் இருக்கையில் கேட்ட சத்தம்

பன்னிரண்டு வருடப் பழைய ஹைபிரிட் காரை நம்பி டெல்டாவுக்கு வரலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பதிலாக, செகண்ட் ஹேண்டாக வாங்கிய அப்படியொரு காரில் எனக்கு நடந்த தை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றைச் சொல்கிறேன்.

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். கும்பகோணத்தில் என் வீட்டில் தங்கி, வாரத்தில் ஐந்து நாள் தஞ்சாவூருக்குப் போய்க் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டிருந்தாள். சனி, ஞாயிறு மட்டும் மயிலாடுதுறைக்கு அருகே அவள் ஊரில் அறுவடை பார்க்கப் போவோம். அன்று அங்கிருந்தே நேராகக் கிளம்பினோம். மொத்தம் எழுபத்தைந்து கிலோமீட்டர். பன்னிரண்டு மணிக்கு அவள் முறை. மருத்துவமனை மிஷின் பழுதாகி ஏற்கெனவே இரண்டு நாள் தவறியிருந்தது. இனி ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

காலை எட்டே காலுக்குப் புறப்பட்டோம். பின் இருக்கையில் அக்கா, பக்கத்தில் அரை மூட்டை புது அரிசி. சிகிச்சை அறையில் அவளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு. சொந்த வயல் அரிசியைக் கையில் கொடுத்தால்தான் எங்கள் பக்கத்தில் நன்றி சொன்னதாகக் கணக்கு. ஆடுதுறை வரை சாலையில் பாதியை நெல் காயப்போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் பஸ்களுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனதில், கும்பகோணம் தாண்டும்போதே பத்து மணி.

பாபநாசம் எல்லையில், 10.25க்கு, டாஷ்போர்டில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டி இழுக்கவில்லை. தஞ்சாவூர் இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர். டாக்ஸிக்குப் போன் செய்தால், வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். கதிர்வீச்சில் அக்காவின் தோள்பட்டைத் தோல் வெந்திருந்தது. பஸ் நெரிசலில் அவளை ஏற்ற முடியாது. காரை விற்றவர் ஏமாற்றிவிட்டார், பேட்டரி போய்விட்டது என்றே நினைத்தேன்.

ஊர்ந்து ஊர்ந்து கடைத்தெருவில் ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் நிறுத்தினேன். கடைக்கார பாய் நேராகப் பின் கதவைத் திறந்தார்.

“பானெட்டைப் பார்க்க வேண்டாமா பாய்?”

“பேட்டரி இந்தம்மா முதுகுக்குப் பின்னாலதானே இருக்கு. கொஞ்சம் எறங்குங்கம்மா.”

மூட்டையை நகர்த்தினார். அது மறைத்திருந்த இடத்தில், இருக்கையின் ஓரமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அந்த வழியாகத்தான் போகிறது. வலையைக் கழற்றினார். நெல் சுணையும் தூசியும் கம்பளி மாதிரி படிந்திருந்தன.

“கார் வாங்குனீங்களா, நெல்லு தூத்துற மிஷின் வாங்குனீங்களா?”

அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“உள்ள ஃபேன் பத்து நாளாவது கத்தியிருக்குமே. காதுல விழலையா?”

“எனக்குக் கேட்டுச்சு,” என்றாள் அக்கா.

“ஏன்க்கா சொல்லல?”

“எனக்காக லீவு போட்டுட்டு அலையுற. இது வேறயா ஒனக்கு?”

மார்பில் வந்த கட்டியையும் எட்டு மாதம் இப்படித்தான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

வலையையும் விசிறியையும் சுத்தம் செய்து, ஸ்கேனரில் எச்சரிக்கையை அழிக்க நாற்பது நிமிடம். கூலி அறுநூறு ரூபாய். மூட்டையை முன் இருக்கைக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில் வைத்தோம். 11.52க்கு மருத்துவமனை வாசலில் இருந்தோம்.

பழைய ஹைபிரிட் வாங்குபவர்களுக்கு: பேட்டரியை மாற்றச் சொன்னால் முதலில் அந்த வலையைப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள்; துவாரத்தின் பக்கத்தில் எதையும் சாய்த்து வைக்காதீர்கள். இந்த வண்டிகளில் சிறிய பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்றும் உண்டு. அது பலவீனமானாலும் வண்டி கிளம்பாது. உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற ஒயர்களைப் பயிற்சி இல்லாதவர் தொட விடாதீர்கள். வாங்கும் முன் வேறொருவரை ஓட்டச் சொல்லி, ஒரு மணி நேரமாவது நீங்கள் பின்னால் உட்கார்ந்து ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள்.

மறுநாள் அய்யம்பேட்டை தாண்டியதும் அக்கா கூப்பிட்டாள்.

“சத்தம் வருதுடி.”

நிறுத்திப் பார்த்தேன். ஏசி சத்தம்தான். கிளம்பும்போது மெதுவாகச் சொன்னாள்:

“இடுப்பும் நாலு நாளா வலிக்குது.”

அன்று டாக்டரிடம் முதலில் அதைச் சொன்னோம்.