குப்பைத்தொட்டியில் விட்டுவைத்தது

நான் இலேசில் ஒருவரையும் நம்புகிறவள் இல்லை. மீன் வாங்கினால் செவுளைத் திறந்து பார்ப்பேன். நிறுக்கும்போது தராசில் கை படுகிறதா என்றும் பார்ப்பேன். "உன்னோட சந்தைக்கு வந்தா வெக்கக்கேடு" என்று என் புருஷன் பத்தடி தள்ளித்தான் நிற்பார். அந்தக் குணத்தில் எனக்கு ஒரு பெருமையே இருந்தது.

உட்துறைமுகத்தைப் பார்த்த ஒரு மாடிவீட்டில் எங்கள் அலுவலகம். காணிப் பத்திரம் தொலைத்தவர்களுக்கு மறுபிரதி எடுக்க உதவும் ஒரு திட்டம். அவர்கள் சொல்வதை எழுதி, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து இணையத்திலிருந்த எங்கள் கோப்பு நூலகத்தில் ஏற்றுவது என் பொறுப்பு. திட்டம் முடிந்ததும் அழித்துவிடுவோம் என்று படிவத்தில் ஒரு வரி உண்டு. அதையும் நான்தான் வாசித்துக் காட்டுவேன்.

குறிஞ்சாக்கேணியிலிருந்து ஒரு முஸ்லிம் அக்கா வந்தார், ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். புருஷன் மௌத்தாகி, இவர் தனித்துப்போனார். களப்புத் தண்ணீர் ஓரமாக அரை ஏக்கர் காணி மட்டும் மிச்சம்.

"காணி பெர்மிட் வெள்ளத்தோட போயிட்டு, புள்ள. ஊருக்குள்ள கேட்டா அலுமாரிக்குள்ள பூட்டி வெச்சிருக்கன் எண்டுதான் சொல்ற. ஹோட்டல் கட்டப்போறன் எண்டு ஒருத்தன் அந்தக் காணியச் சுத்திக்கிட்டே திரியிறான். பெர்மிட் இல்லையெண்டு தெரிஞ்சா என்னைய கிளப்பிருவான். ஒங்களுக்கு மட்டுந்தான் சொல்லியிருக்கன்."

எழுதிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டார்.

போன வருடம் திட்டத்தை மூடச் சொல்லிவிட்டார்கள். எங்கள் பொறுப்பதிகாரியை நாங்கள் மிஸ் என்போம். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"நூலகத்தில கிடக்கிற எல்லாத்தையும் அழியுங்கோ. ஒண்டொண்டா ஏலாது, கம்ப்யூட்டர்ல கோட் எழுதி மொத்தமா அழியுங்கோ. குப்பைத்தொட்டிக்கும் போகக்கூடாது. ஒரேயடியா இல்லாமப் போகோணும்."

அதென்ன ஒரேயடியாக? எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளாகவே மிஸ் போன் வந்தால் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதைக்கிறார். ஒருநாள் கதவோரம் நின்று கேட்டேன். "பேர் லிஸ்ட்" என்பது மட்டும் காதில் விழுந்தது. சரிதான், லிஸ்டை ஹோட்டல்காரனுக்குக் கொடுத்துவிட்டுத் தடயத்தை அழிக்கப் பார்க்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். என்னிடமா இந்த விளையாட்டு?

அழிப்பதற்குக் கட்டளை இரண்டு உண்டு. ஒன்று கோப்பைக் குப்பைத்தொட்டியில் போடும். தொண்ணூற்று மூன்று நாள் அங்கே கிடக்கும், நினைத்தால் மீட்கலாம். மற்றது வேரோடு அழித்துவிடும். நான் முதலாவதைப் போட்டேன். மூன்று மாதத்துக்கு ஆதாரம் என் கையில் இருக்கட்டும் என்று நினைத்தேன். முன்னாலிருந்து அழித்தால் வரிசை நகர்ந்து பாதி தப்பிவிடும் என்பதால், பட்டியலைக் கடைசியிலிருந்து எடுத்து, நூறு நூறாக ஓடவிட்டேன். அலுவலகத்தில் எல்லாரும் பாவிக்கிற பொதுக் கணக்கில்தான் ஓடவிட்டேன். தேத்தண்ணி ஆறிப்போனது தெரியவில்லை. கடைசியில் நூலகம் துப்புரவாகக் காலி.

"எல்லாம் அழிஞ்சிட்டுதோ?" என்று மிஸ் கேட்டார்.

"ஓம் மிஸ்."

அடுத்த நாள் ராத்தாவும் போனில் கேட்டார். "ஓம் ராத்தா, எல்லாம் அழிச்சாச்சு" என்றேன். நாக்குக் கூசவேயில்லை.

பிறகு அலுவலகத்துக் கதிரை, மேசை எல்லாம் விலைப்பட்டன. பார்க்க வந்தவர்கள், ஏற்ற வந்தவர்கள், சும்மா எட்டிப்பார்த்தவர்கள் என்று மாடிப்படியில் ஆள் ஓயவில்லை. நான் அப்போதும் மிஸ்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ராத்தா நேரிலேயே வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"அவன் வீட்டுக்கே வந்துட்டான், புள்ள. நான் சொன்னத எல்லாம் போன்ல வெச்சு வாசிக்கிறான். கீழ என்ட கையெழுத்து! ஒங்கட பெர்மிட் வெள்ளத்துல போயிட்டாமே எண்டு சிரிக்கிறான். நான் வேற ஆருக்கிட்ட சொன்னன்?"

கணினியைத் திறந்தேன். காலியாக இருக்கவேண்டிய நூலகத்தில் ஒரேயொரு கோப்பு இருந்தது. ராத்தாவுடையது. யாரோ குப்பைத்தொட்டியிலிருந்து மீட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு, திரும்ப அழிக்கக்கூட மினக்கெடாமல் போயிருக்கிறார்கள். மீட்டது பொதுக் கணக்கு என்று பதிவில் காட்டியது. அதன் பாஸ்வேர்ட் பிரிண்டருக்கு மேலே சுவரில் ஒட்டிக் கிடந்தது. பெரிய எழுத்தில், என் கையால் எழுதி நானே ஒட்டிய தாள்.

மிஸ்ஸிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவரைச் சந்தேகித்ததையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அந்த ஹோட்டல்காரன்தான் ஒவ்வொரு நாளும் போன் எடுத்தவன். பேர் லிஸ்டைத் தாங்கோ, தாங்கோ எண்டு. உங்களைப் பயப்படுத்தக்கூடாது எண்டு வெளியில நிண்டு கதைச்சனான். எங்களிட்ட ஒண்டும் இல்லையெண்டு சொல்ல ஏலோணும், அதுக்குத்தான் ஒரேயடியா அழிக்கச் சொன்னனான்."

எடுத்தது யார் என்று இன்றைக்கும் தெரியாது. அந்த மாடிப்படி ஏறிய ஒவ்வொரு முகத்தையும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், எல்லாமே கள்ள முகமாகத்தான் தெரிகிறது.

அன்றைக்கே இரண்டாவது கட்டளையை ஓடவிட்டேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். மூன்று தரம் திறந்து பார்த்தேன். பிறகு ராத்தாவுக்கு போன் எடுத்தேன். "இப்ப ஒண்டுமில்ல ராத்தா. எல்லாம் அழிச்சாச்சு."



"அண்டைக்கும் இப்பிடித்தான் சொன்னீங்க, புள்ள" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.