அம்மா நடக்கத் தொடங்கினாள்

இடுப்பு எலும்பு முறிந்து, விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்த அம்மாவை நேராகத் திண்டிவனத்தில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வண்டி பைபாஸில் ஏறியதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னாடி, நம்ம வீட்டுக்குப் போகலையா?"

"நடக்க ஆரம்பிச்சதும் கொண்டுபோய் விட்டுர்றேம்மா."

சொல்லும்போது அது பொய்யில்லை. அடுத்த வாரமே பொய்யாகிவிட்டது. அப்பா போன பிறகு தனியாகவே இருந்தவளை இனிமேல் அப்படி விட முடியாது என்று தம்பியும் நானும் போனிலேயே பேசி முடித்து, விழுப்புரம் வீட்டை வாடகைக்கு விட்டோம். வந்தவர்கள் பால் காய்ச்சிக் குடியேறியும் விட்டார்கள். அம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. "நீ சொல்லுக்கா" என்றான் தம்பி. "நீதானே பையன், நீ சொல்லு" என்றேன் நான்.

மருமகன் வீட்டில் படுத்துக்கிடப்பது அம்மாவுக்குத் தாங்க முடியாத கூச்சம். என் கணவர் ஹாலில் இருந்தால் பாத்ரூமுக்குக்கூடக் கூப்பிட மாட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். நான் கத்துவேன். "மாப்ளை வெளிய போவட்டும்டி" என்பாள். அதனால்தான் வாக்கரைப் பிடித்து அவள் நடந்த நடையில் அத்தனை வைராக்கியம். பயிற்சி கொடுக்க வரும் பெண், "வீட்டுக்குப் போவணும்ல, இன்னும் ரெண்டு அடி வைங்கம்மா" என்பாள். வலியில் முகம் கோணும், ஆனாலும் வைப்பாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் தெரிந்த நான் பக்கத்தில் நின்று கை தட்டினேன். வெட்கங்கெட்ட கை.

ஒருநாள் நான் சமையலறையில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், அம்மா யாரையும் கூப்பிடாமல் கட்டிலிலிருந்து இறங்கி வந்து கேட் பக்கத்தில் நிற்கிறாள். வேர்த்துக் கொட்டுகிறது, முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா, தனியா நடந்துக்கினே வந்துட்டேன். நாளைக்கு வண்டி சொல்லு, போய்டறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"தெரு முனை வரைக்கும் நடக்கணும்மா. அப்பதான் டாக்டர் விடுவாரு."

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. அம்மா முனையை ஒருமுறை பார்த்தாள். "அவ்ளோதானே" என்றாள்.

இப்போது தினமும் சாயங்காலம் தெருவில் நடக்கிறாள். விழுந்துவிடக் கூடாதே என்று நானும் பின்னாலேயே போகிறேன். நேற்று, முனைக்கு இரண்டு வீடு இருக்கும்போது நின்றுவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு முடியலடி" என்றாள்.

பெற்ற தாய்க்கு மூச்சு வாங்கியதில் எனக்கு அப்பாடா என்றிருந்தது.