பாக்குமரத்தடியில் அப்பா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஓர் அலுவலகத்தில் படம் வரையும் கிராணியாக, குமாஸ்தாவாக, இருந்தேன். கட்டடங்களுக்கும் சாக்கடைகளுக்கும் கோடு போடுவதுதான் வேலை. நகரத்து விழா ஒன்றுக்காக நினைவு நாணயம் வெளியிட அதிகாரிகளும் வியாபாரிகளும் ஒரு குழு அமைத்தார்கள். படத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு பக்கம் மன்னரின் தலை. மறுபக்கம் ஊருக்கு உரியதாக இருக்க வேண்டும் என்றார்கள்.

பாக்குமரம் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மலாய்க்காரர்கள் பாக்கைத்தான் பினாங்கு என்கிறார்கள். ஊருக்குப் பெயர் கொடுத்த மரம் அது. அடியில் அலைக்கோடுகள் போட்டேன், தீவுக்கும் எதிர்க்கரையிலுள்ள பிறை என்ற ஊருக்கும் நடுவே கிடக்கும் கடலுக்காக. கரையில் மூட்டை சுமந்து நடக்கும் ஓர் ஆள். கப்பல் எந்த ஊருக்கும் வரும். வந்த சரக்கை இறக்கியவர்களால்தான் இது துறைமுகமாயிற்று என்பது என் எண்ணம்.

அந்த ஆளாக அப்பாவையே நிற்கச் சொன்னேன். துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கி என்னைப் படிக்க வைத்தவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், தலையணை திணித்த சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு கொல்லையில் நின்றார்.

"காசுல ராசாதானடா இருப்பாரு. நான் என்னத்துக்கு?"

"ராசா அந்தப் பக்கம் இருக்காருப்பா. நீங்க இந்தப் பக்கம்."

அவர் சிரித்ததில் சாக்கு சரிந்தது. அம்மா வந்து தூக்கி வைத்தாள். "சட்டையப் போட்டுக்கச் சொல்லு. ஊரே பாக்கப்போவுது," என்றாள்.

நாணய அளவுக்குச் சுருங்கினால் முகம் தெரியாது என்று அறிந்தே, மீசையையும் புருவத்துத் தழும்பையும் விடாமல் வரைந்தேன்.

அப்பா கூட வேலை செய்பவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். துறைமுகப் பக்கம் போனால் யாராவது என்னை நிறுத்துவார்கள். "தம்பி, உங்கப்பா காசு எப்ப வருது? எங்களுக்கும் காட்டணும்லா."

குழுத் தலைவரான வெள்ளைக்காரருக்கு மரம் பிடித்திருந்தது. ஆளைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார். கூலியாளைப் போட்டால் வெளியூரார் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள், நீராவிக் கப்பல் போடு என்றார். ஏன் அந்த ஆளைப் போட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். குழுவிலிருந்த தமிழ் வியாபாரி ஒருவர் வெளியே வந்து என் தோளைத் தொட்டார். "நீங்க சொன்னது சரிதான் தம்பி. அங்க பேசிப் பிரயோசனமில்ல."

கப்பலைத் தனித்தாளில் வரைந்து கொடுத்தேன். மரத்துக்காக முதல் படத்தையும் சேர்த்து, நாணயம் அச்சடிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள்.

நாணயம் வந்தது. கப்பலின் புகைகூடத் துல்லியமாக இருந்தது. ஆனால் பாக்குமரத்தைப் பார்த்திராத யாரோ ஒரு செதுக்குநர் அதைச் சாய்ந்த தென்னையாக்கியிருந்தார். ஆளோடு ஊரின் பெயரும் போயிருந்தது.

ஆளை எடுத்துவிட்டார்கள் என்று அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். வாசல் வெளிச்சத்தில் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கப்பல் நல்லா வந்திருக்கு," என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தப் படம் எங்கடா?"

அலுவலகத்தில் கேட்டேன். கடல் தாண்டிப் போன படங்கள் திரும்புவதில்லை என்றார்கள். அதைச் சொன்னதும், "போவட்டும்லா," என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. துறைமுகத்தில் மட்டும், "எம்மவன் போட்ட கப்பல்," என்று எல்லாருக்கும் காட்டியதாகக் கேள்விப்பட்டேன்.

சில ஆண்டுகளில் நெஞ்சுச் சளி முற்றி இறந்துபோனார். அவரைப் புகைப்படம் எடுத்ததேயில்லை.

"அன்னிக்கு வரைஞ்ச மாதிரி ஒண்ணு வரைஞ்சு குடுடா," என்று அம்மா கேட்டாள்.

பல மாலைகள் உட்கார்ந்தேன். தோள் வந்தது, சாய்ந்த கழுத்து வந்தது. மீசையையும் தழும்பையும் அதனதன் இடத்தில் வைத்தும் முகம் வேறு யாருடையதாகவோ இருந்தது.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். "உங்க சித்தப்பா சாடையால்ல இருக்கு," என்றாள். பிறகு அதையே மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னாள்.