ஏழாம் நம்பர் வண்டியின் குரல்

எனக்கு ஒரு பாட்டு முழுதாக ஓடினால் பொறுக்காது. பல்லவி முடிந்து சரணம் வந்ததும் கால் ஆடத் தொடங்கிவிடும். அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று மனசு அரிக்கும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைப் பார்த்து, "உன் பெஞ்சுல மட்டும் இன்னா முள்ளா இருக்கு?" என்று கேட்பார். முள்ளெல்லாம் இல்லை. எனக்குள்ளே ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவளை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு, எட்டு மணி நேரம் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து தோல் தைக்கிற வேலைக்கு அனுப்பினார்கள். யார் செய்த பாவமோ!

வீடு குடியாத்தத்தில். வீட்டுக்குள்ளேயே நான்கு விசைத்தறி. அப்பாவும் அண்ணனும் லுங்கி நெய்வார்கள். காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் வரும். முன் கண்ணாடியில் 7 என்று பெரிதாக ஒட்டியிருக்கும். ஆகவே அது ஏழாம் நம்பர் வண்டி, நாங்கள் ஐம்பது பேரும் ஏழாம் நம்பர் பெண்கள். பாலாற்றுப் பாலம் தாண்டி, மாதனூரில் நெடுஞ்சாலை ஏறி, ஆம்பூர் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும்.

டிரைவர் அண்ணனிடம் ஒரு பென்டிரைவ் இருந்தது. அதில் சோகப் பாட்டுக்குப் பின்னால் குத்துப் பாட்டு, அதற்குப் பின்னால் சாமி பாட்டு. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவதற்குள் ஐந்தாறு வினாடி வெறுமையாக இருக்கும். அந்த இடைவெளியில் பஸ்ஸில் எல்லோரும் அவரவர் கவலைக்குத் திரும்பிப் போய்விடுவார்கள். தீர்ந்துபோன சிலிண்டர், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, நேற்று முடிக்காத டார்கெட், எல்லாம் முகத்தில் தெரியும். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "அண்ணா, இதையெல்லாம் ஒட்டிப் போட மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நீ வேணா ஒட்டி எடுத்துனு வாம்மா" என்றார் அவர், கண்ணாடியில் கூடப் பார்க்காமல்.

சொன்னதைச் சவாலாக எடுத்துக்கொள்கிற புத்தி எனக்கு. ஃபோனில் இலவசமாகக் கிடைத்த ஒரு ஆப்பை இறக்கிக்கொண்டு, இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். ஒரு பாட்டின் வேகத்தை இன்னொன்றின் வேகத்துக்கு இழுத்துக் கொண்டுவர வேண்டும்; தாளத்தின் மேல் தாளம் உட்கார வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஒரே வாசலில் இரண்டு பேர் முட்டிக்கொண்டது போலக் கேட்கும். பிறகு வழியை யோசித்தேன். குடியாத்தத்தில் ஏறுகிறவர்கள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள், அங்கே அதிரடி வைத்தால் திட்டுதான் கிடைக்கும். பாலம் வரும்வரை மெல்ல ஏற்றினேன். மாதனூரில் வண்டி நெடுஞ்சாலை ஏறி, அண்ணன் கியர் மாற்றுகிற இடத்தில் அந்த அதிரடியைத் திறந்துவிட்டேன்.

முதல் நாள் அந்த இடம் வந்தபோது கடைசி வரிசைப் பெண்கள் எழுந்து நின்றார்கள். அடுத்த நாள் நடு வரிசையும் எழுந்தது. மூன்றாம் நாள், கம்பெனி வாசலுக்கு வந்த பிறகும் யாரும் இறங்கவில்லை. செக்யூரிட்டி வந்து பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் பக்கத்தில் ஒரு டிஜே பெரிய ஆளாவது மேடையில் இல்லை. கம்பெனிக்குப் பின்னால் ஒரு பொட்டல் இருக்கிறது. பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, பள்ளிகொண்டா என்று எல்லாப் பக்கத்து பஸ்களும் பகல் முழுக்க அங்கேதான் நிற்கும். டிரைவர்களுக்கு மாலை வரை வேலை இல்லை. உட்கார்ந்து பேசுவார்கள், பென்டிரைவ் மாற்றிக்கொள்வார்கள், எந்த வண்டிப் பெண்கள் இறங்க மறுத்தார்கள் என்று கணக்குப் பேசுவார்கள். அங்கே ஜெயித்தவன் டிஜே. பேரணாம்பட்டில் மொபைல் கடை வைத்திருந்த ஒருவரும், ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ஒருவரும் அப்போது அங்கே ராஜாக்கள். முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் குரல் எல்லோருக்கும் தெரியும். பாட்டுக்கு நடுவில் தங்கள் பேரைக் கனமான குரலில் சொல்லிப் பதிந்திருப்பார்கள். அப்படிச் செய்யாவிட்டால் அடுத்தவன் எடுத்துத் தன்னுடையது என்பான்.

"நீயும் பேரு போடும்மா. இல்லன்னா எவனாவது சுட்டுனு போய்டுவான்" என்றார் டிரைவர் அண்ணன்.

வீட்டில் தறி ஓடும்போது எதையும் பதிவு செய்ய முடியாது. மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்திய ஒரு பகலில் லீவு போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். போட்டுக் கேட்டால் சகிக்கவில்லை. திருவிழாவில் பிள்ளையைக் காணோம் என்று மைக்கில் சொல்கிறவள் குரல் போல, கீச்சென்று, பதற்றமாக இருந்தது. அடிப்பார்கள், வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்ற பயமெல்லாம் எனக்கு இல்லை. பொட்டலில் டிரைவர்கள் சிரிப்பார்களே என்றுதான் பயந்தேன். அந்த ஆப்பிலேயே குரலைத் தாழ்த்துகிற வசதி இருந்தது. இழுத்தேன். நானே ஒரு ஆளாக மாறினேன். முப்பத்தைந்து வயது, அவசரமில்லாத மனுஷன். "ஏழாம் நம்பர் வண்டி. உட்காருங்க, நான் பார்த்துக்கறேன்" என்று அந்த மனுஷன் சொன்னார். அதையே பாலம் வருகிற இடத்தில் பதிந்தேன். பாட்டை ஒட்டுவது நான்தான் என்று டிரைவர் அண்ணனைத் தவிர யாருக்கும் தெரியாது.

என் பக்கத்து சீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் குடியாத்தம்தான். வீட்டில் உருது, பஸ்ஸில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். கல்யாணமாகி மூன்று வருடம். கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். ஃபோன் வந்தால் இரண்டு நிமிடம், அதில் பாதி "ஹலோ, கேக்குதா" என்றே போய்விடும். அந்தக் குரலை முதல் தடவை கேட்ட அன்று அவள் என் தொடையில் ஓங்கி அடித்தாள்.

"யாருடி இந்த ஆளு? 'நான் பார்த்துக்கறேன்'னு சொல்றான் பாரு. என் வாழ்க்கையில எவனும் இப்படிச் சொன்னதில்ல!"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சொல்லியிருக்கலாம். அன்றே சொல்லியிருந்தால் ஒரு நாள் கேலியோடு போயிருக்கும். ஆனால் அதைக் கேட்கிற சுகம் இருக்கிறதே! தினமும் பாலம் நெருங்கும்போது அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "வந்துட்டான் என் ஆளு" என்பாள். சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிய ஒரு சாயங்காலம் ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி, "இவன் ஒருத்தன்தான் என்னை பேஜார் பண்ணாம பேசறான்" என்றாள். நான் அன்றும் வாயைத் திறக்கவில்லை.

ஆறு மாதத்தில் ஏழாம் நம்பர் பொட்டலைத் தாண்டிவிட்டது. ஆம்பூரில் ஒரு டீக்கடையில் கேட்டேன். வேலூரில் ஷேர் ஆட்டோவில் கேட்டேன். எங்கள் தெருவிலேயே ஒரு கல்யாண ஊர்வலம் என் பாட்டுக் கலவைக்கு ஆடிக்கொண்டு போனது. அண்ணன் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து, "எவனோ செமையா போட்டிருக்கான்" என்றான். எனக்கு நெஞ்சு விம்மியது, அதே நிமிடம் பற்றிக்கொண்டும் வந்தது. எவனோவா? நான்தான்டா! ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. புகழ் வந்துவிட்டது, ஆனால் அது என் வீட்டு முகவரிக்கு வரவில்லை. என்னுடையது என்று சொல்ல வேண்டும் என்ற அரிப்பு அன்று பிடித்தது. பிறகு என்னை உட்காரவிடவில்லை.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. எங்கள் முதலாளி முஸ்லிம். ஆனாலும் மெஷின்களுக்கெல்லாம் பொட்டு, மாலை, எல்லோர் கையிலும் பொரி கடலை என்று அந்த ஒரு மதியம் கம்பெனியே தேர் போல இருக்கும். அந்த வருடம் ஹெச்.ஆர். அதிகாரி பொட்டலுக்கே போய், "ஏழாம் நம்பர் டிஜே யாரு? அவரைக் கூட்டிட்டு வாங்க, நேர்ல போடட்டும்" என்று சொல்லிவிட்டார்.

டிரைவர் அண்ணன் மாலை என்னைத் தனியாக நிறுத்தினார். "இன்னாம்மா பண்றது? சொல்லிடலாமா?"

எத்தனை மாதமாகக் காத்திருந்த கேள்வி! ஆனால் வாயைத் திறந்தால் அந்தக் கீச்சுக் குரல்தானே வரும். மைக்கில் நான் பேசியதும் எல்லோரும் சிரிப்பதாக அப்போதே கண்ணில் ஓடியது. "வேற யாரையாவது நிக்க வைங்கண்ணா, பென்டிரைவ் குடுத்துடறேன்" என்றேன். சொன்ன கணமே என்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் தன் மச்சானை ஏற்பாடு செய்தார். வேலூரில் ஏசி மெக்கானிக், தாடி வைத்த ஆள், குரலும் கனம். பார்த்தால் டிஜேதான் என்று யாரும் நம்புவார்கள்.

அந்த நாளுக்கென்று பதினொரு நாள் உட்கார்ந்து ஒரு கலவை செய்தேன். அதில் ஒரு இடம் எனக்கு உயிர். எல்லா வாத்தியமும் நின்றுபோய், நாங்கள் பஸ்ஸில் கைதட்டியது மட்டும் கேட்கும். அதை நான் யாருக்கும் தெரியாமல் ஃபோனில் பதிந்து வைத்திருந்தேன். அந்தக் கைதட்டலுக்கு அடியிலிருந்து தாளம் மெல்ல எழுந்து வரும்.

மதியம் இரண்டு மணிக்கு மச்சான் மேடை ஏறினார். கூலிங்கிளாஸ் வேறு. "ஏழாம் நம்பர்!" என்று மைக்கில் சொன்னதும் கத்தல் காதைப் பிளந்தது. என் பக்கத்தில் நின்ற அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "தாடி வச்சிருக்கான்டி" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

இருபது நிமிடம் எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு கைதட்டல் இடம் வந்தது. வாத்தியங்கள் நின்றன. மச்சானுக்கு அது வேண்டுமென்றே வைத்த அமைதி என்று தெரியவில்லை. ஏதோ நின்றுபோய்விட்டது என்று பயந்துவிட்டார். சைரன் பட்டனை அழுத்தினார். ஊய் ஊய் என்று அது என் கைதட்டல் மேல் அலறியது. போதாதென்று இன்னொரு தடவையும் அழுத்தினார்.

நான் எப்படி மேடை ஏறினேன் என்று இன்றுவரை நினைவில்லை. யார் காலையோ மிதித்தேன். மச்சானின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, "கையை எடுய்யா! அது அப்படித்தான் நிக்கணும்! பதினோரு நாள் உட்காந்து செஞ்சிருக்கேன்!" என்று கத்தினேன். மைக் திறந்திருந்தது. என் கீச்சுக் குரல் கம்பெனிச் சுவர்களில் எல்லாம் மோதியது. பாட்டைப் பின்னால் தள்ளி, அந்த இடத்திலிருந்து மறுபடி ஓடவிட்டேன். கைதட்டல் கேட்டது, தாளம் எழுந்தது. ஆனால் ஒருவரும் ஆடவில்லை, எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

டிரைவர் அண்ணன் மேடைக்கு வந்து மைக்கை வாங்கினார். "இந்தப் பொண்ணுதான் ஏழாம் நம்பர். ஆரம்பத்துல இருந்து எல்லாம் இதுதான் செஞ்சுது" என்றார். முதலில் தையல் லைன் பெண்கள் கைதட்டினார்கள், பிறகு மற்றவர்கள். சிரித்தவர்களும் இருந்தார்கள், ஆனால் நான் பயந்த சிரிப்பு இல்லை. நான் கூட்டத்தில் அவளைத் தேடினேன். அவள் நின்ற இடத்தில் இல்லை. பொரிப் பொட்டலம் கீழே கிடந்தது.

விடுமுறை முடிந்து பஸ் ஏறியபோது அவள் முன் வரிசையில், வேறு ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் அண்ணன் புதுப் பென்டிரைவைப் போட்டார். பாலத்தில் என் சொந்தக் குரல் வந்தது. "ஏழாம் நம்பர் வண்டி" என்று அது கீச்சென்று சொன்னதும் பஸ்ஸே ஓவென்று கத்தி என் முதுகில் தட்டியது. இத்தனை மாதம் எதற்காகத் துடித்தேனோ, அது கிடைத்துவிட்டது. முன் வரிசையில் ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. நான் அந்தப் பின்னலையே பார்த்துக்கொண்டு ஆம்பூர் வரை போனேன். ஒன்பது நாள் இப்படியே போனது. இறங்கும்போது கூப்பிட்டால், "வேலை ஜாஸ்தி" என்று வேகமாக நடந்துவிடுவாள்.

பத்தாம் நாள் அவள் வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். நேராகப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நாத்தனாருக்கு மெஹந்தி. பொம்பளைங்க மட்டும்தான், ஆம்பளைங்க யாரும் உள்ள வரக் கூடாது. பாட்டு போட ஆள் கெடைக்கல. நீ வர்றியா?"

"வர்றேன்."

"உன் குரல்லயே பேசு."

அந்த மெஹந்தியிலிருந்துதான் என் பிழைப்பே மாறியது. இன்று மேல்விஷாரத்திலிருந்து வாணியம்பாடி வரை, மண்டபங்களில் பெண்கள் பகுதிக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆண் குரலை மாட்டிக்கொண்டு பேர் வாங்கியவளுக்கு, பெண் என்பதால்தான் தொழில் கிடைத்தது. ஆனால் அன்று காலை எனக்கு அதெல்லாம் தெரியாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்ததே பெரிதாக இருந்தது.

"என்மேல இன்னும் கோவமா?" என்று கேட்டேன்.

"உன்மேல எனக்கு இன்னா கோவம்? நீ என் தோஸ்த்." துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். பிறகு சொன்னாள்: "அவன் மேலதான், அந்த 'நான் பார்த்துக்கறேன்' ஆளு மேல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்ல?"

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். அவள் விளையாடவில்லை. அவன் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.