வரியில் மிஞ்சியது

அழகமுத்துவின் சம்பளத்தில் ஒரு பங்கு அவருடைய கைக்கு வராமலே போய்க்கொண்டிருந்தது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு மொத்த இரும்புக் கடையில் அவர் ஸ்டோர் கீப்பர். மாதக் கடைசியில் முதலாளி முதலில் அரசாங்கத்துக்கான சம்பள வரியைக் கழிப்பார். அடுத்து நீதிமன்றம் சொன்ன தொகையைக் கழித்து மோகனராஜ் என்ற கணக்காளருக்கு அனுப்புவார். மிச்சம்தான் வீட்டுக்கு. கடனைத் தீர்க்க வழியற்றவர் என்று அழகமுத்துவை நீதிமன்றம் தீர்மானித்த நாளிலிருந்து, அவருடைய சொத்தையும் வருமானத்தையும் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு மோகனராஜிடம் இருந்தது.

மூன்று வருட ஏற்பாடு அது. முடியும்போது, யாரும் ஆட்சேபிக்காவிட்டால், நீதிமன்றம் ஒரு சான்றிதழ் தரும். அது கிடைத்தால் பழைய கடன்களிலிருந்து விடுதலை. சம்பளம் முழுதும் அவருடையது. தன் பெயரில் மறுபடி ஒரு கடை திறக்கலாம். கிடைக்காவிட்டால், ஐம்பத்து நான்கு வயதில், இன்னொருவர் கடையின் ஆணிப்பெட்டிகளுக்கு நடுவில்தான் மீதி நாட்கள். அழகமுத்து அந்தச் சான்றிதழைத் தவிர வேறெதையும் விரும்பாத மனிதராக மாறியிருந்தார். ஒன்றை மட்டுமே விரும்புகிறவனுக்கு அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே ஆபத்து.

முன்பு பிலிமத்தலாவையில் அவருக்கு டைல்ஸ், குளியலறைச் சாமான் கடை இருந்தது. கடனுக்கு வாங்கிக் கடனுக்கு விற்றார். ரூபாய் விழுந்த வருடம் ஊரில் வீடு கட்டுவது நின்றது. வாங்கியவர்கள் பணம் தரவில்லை, கொடுத்தவர்கள் விடவில்லை. அதில் புதுமை ஒன்றும் இல்லை. அந்தத் தெருவில் மூடிய கடை அவருடையது மட்டுமல்ல.

நீதிமன்றத்துக்குப் போகுமுன் யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று சத்தியக் கடதாசியில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அவர் கலகெதரவுக்கு ஜமால்தீனைப் பார்க்கப் போனார். ஜமால்தீன் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் வியாபாரி. கடை ஆட்டம் கண்ட மாதத்தில், எழுத்தும் வட்டியும் இல்லாமல் மூன்று லட்சம் கொடுத்தவர்.

"என்ட பேர அதுல போடாதீங்க" என்றார் ஜமால்தீன்.

"எல்லாக் கடனையும் எழுதணும்னு லோயர் சொல்றாரு நாநா."

"நான் குடுத்தது உங்களுக்கு, கோட்டுக்கில்ல. உங்களுக்கு எதிரா நிக்கிற ஆக்கள்ட கூட்டத்துல என்ட பேரும் நிக்கணுமா? ஏலுமான நேரம் தாங்க. ஏலாட்டி, ஹலாலாக்கிட்டேன்."

மன்னித்துவிட்டேன் என்று பொருள்படும் அந்தச் சொல்லை அவர் தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னார். ஒருவர் இவ்வளவு செய்த பிறகு அவருடைய பெயரை விருப்பத்துக்கு மாறாக எழுதுவது அழகமுத்துவுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. 'இவை தவிர எனக்கு வேறு கடன் இல்லை' என்ற வரியின் கீழே கையொப்பம் வைத்தார். அது பொய். ஆனால் கை எழுதியது பொய் என்று அன்று அவருக்குத் தோன்றவில்லை. அவரை நல்லவர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் வருவது இந்த இடத்தில்தான்.

மோகனராஜ் முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் விளக்கினார். "சம்பளம் கூடினாச் சொல்லுங்க. போனஸ் கிடைச்சாச் சொல்லுங்க. வரி கூடினாலும் குறைஞ்சாலும் சொல்லுங்க. வரி குறைஞ்சா உங்க கைக்குக் கூட வருது, இல்லியா? அது உங்க காசு இல்ல. எல்லாருக்கும் பிரிக்க வேண்டிய காசு."

"விளங்குது சார்."

"விளங்குதுன்னுதான் எல்லாரும் சொல்வாங்க" என்று சிரித்தார் மோகனராஜ்.

கடந்த வருடத் தொடக்கத்தில் ஜமால்தீன் திடீரென்று காலமானார். அழகமுத்து கலகெதரவுக்குப் போய், பள்ளிவாசல் வாசலுக்கு வெளியே, கழற்றிவைத்த செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார். தொழுகைக்கு முன் மகன் இல்ஹாம் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "எங்கட வாப்பா யாருக்காச்சும் கடன் தரவேண்டி ஈந்தா எங்கள்ட்ட வந்து செல்லுங்க. அதுக்கு நாங்க பொறுப்பு." ஒருவரும் முன்வரவில்லை. இறந்தவருக்குத் தரவேண்டியவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழகமுத்து கையை உயர்த்தியிருப்பாரா என்பது அவருக்கே தெரியாது. கேட்காமல் விட்டதுதான் அவரைத் துரத்தியது.

அந்தச் சித்திரையில் சம்பள வரி தொடங்கும் எல்லை உயர்ந்தது. அழகமுத்துவின் சம்பளம் எல்லைக்குக் கீழே விழுந்தது.

"அழகமுத்து, அரசாங்கம் உங்கள மறந்திருச்சு" என்றார் முதலாளி. "இனி வரி இல்ல. டீ வாங்கித் தாங்க பாப்போம்."

இரண்டாயிரத்து நானூறு ரூபாய் கூடுதலாகக் கைக்கு வந்தது. மோகனராஜ் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. ஆனாலும் பேருந்தில் உட்கார்ந்து அவர் தனக்குத்தானே ஒரு வழக்கை நடத்தினார். நீதிமன்றம் கேட்டது சம்பளத்தில் பங்கு, அது போகிறது. இது அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்தது, இப்போது விட்டுவிட்டது. நேற்றுவரை இல்லாத பணம் யாருடையது? பணத்துக்கு ஒரு புதுப் பெயர் வைத்துவிட்டால் அதன் சொந்தக்காரனும் மாறிவிடுவான் என்று மனிதர்கள் நம்புவது விநோதம். படித்தவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

அவர் அந்தப் பணத்தோடு கலகெதரவுக்குப் போனார். ஜமால்தீனின் மனைவி றம்லத், கணவர் இறந்தபின் தனித்திருக்கும் இத்தாவில் இருந்தார். அந்நிய ஆண்கள் முன் வரமாட்டார். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"என்ன தம்பி இது? மவுத்தானவருக்கும் தவணை கட்டுறீங்களா?"

"அவரு குடுத்தத உங்ககிட்ட குடுக்குறேன் அக்கா."

"அவரு ஹலாலாக்கிட்டேண்டு என்கிட்ட செல்லீக்காரு."

"அவரு விட்டுட்டாரு. எனக்குத்தான் விட முடியல."

திரைக்குப் பின்னாலிருந்து றம்லத் மகனைக் கூப்பிட்டார். பிறகு இல்ஹாம் கையை நீட்டினான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் போனார். வருடக் கடைசியின் பெருமழைக்குப் பின் அந்தப் பாதையில் ஓரிடத்தில் மண் சரிந்து, பேருந்து மெதுவாக ஒதுங்கிப் போகும். சரிவின் மேலே ஒரு வீடு பாதி அந்தரத்தில் நின்றது. அதில் இன்னும் கொடியில் துணி காய்ந்தது. அழகமுத்து ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்தார்.

முதலில் கண்டுபிடித்தவர் அவருடைய மனைவி கஜலட்சுமி.

"வரி நின்னுருச்சுன்னு உங்க முதலாளி வீட்டம்மா சொன்னாங்க. இங்க வர்றது மட்டும் அதே காசு. எந்தப் பொம்பளைக்குப் போகுது மிச்சம்?"

"பொம்பளைக்குத்தான்" என்றார் அழகமுத்து. எல்லாவற்றையும் சொன்னார்.

கஜலட்சுமி சிரிக்கவில்லை. "இன்னொரு பொம்பளையா இருந்திருந்தாக் கூட ரெண்டு நாள் கத்திட்டு விட்டிருப்பேன். இது நம்மள முழுங்கிரும். மோகனராஜ் சார்கிட்டப் போய்ச் சொல்லிருங்க."

போனார். மோகனராஜ் எழுந்து கதிரையைக் காட்டினார். அப்படி முன்பு ஒருநாளும் செய்ததில்லை.

"உங்க வழக்கு வரப்போகுது. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. எல்லாரும் உங்களப் போல இருந்தா எனக்கு முடி நரைச்சிருக்காது. தெல்தெனியப் பக்கம் ஒருத்தரு, எல்லாருக்கும் இல்லன்னு சொல்லிட்டு மச்சானுக்கு மட்டும் ஒளிச்சுக் குடுத்துக்கிட்டிருந்தாரு. சான்றிதழ் போச்சு. பொய்ச் சத்தியத்துக்குத் தனி வழக்கு வேற."

"மச்சானுக்கு?"

"அவருகிட்ட இருந்தும் காசத் திருப்பி எடுத்தோம். பாவம், அவரு அத வச்சுக் கூரை போட்டிருந்தாரு." மோகனராஜ் வழக்குக் கோப்பை மூடினார். "நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல சார். தேதியக் கேக்கத்தான்."

உண்மையைச் சொன்னால் தான் மட்டும் விழமாட்டோம், றம்லத்தின் வீட்டுக் கதவையும் தட்டுவார்கள் என்று வீடு திரும்பும் வழியில் அவர் நினைத்தார். அது உண்மைதான். அது தனக்கு வசதியான உண்மை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த மாதம் கலகெதரவில் வழக்கு நாளை வாய் தவறிச் சொல்லிவிட்டார். இத்தா முடிந்திருந்ததால் இப்போது றம்லத் முன்னறைக்கே வந்து பேசுவார்.

"நானும் வாரேன் தம்பி."

"வேணாங்க அக்கா. தூரம். வெயில் வேற."

"உங்களுக்கு எதிரா பேசத்தான் அங்க ஆள் ஈக்கும். நல்லது செல்ல ஒரு ஆள் வாணாமா?"

"யாரும் எதிராப் பேச மாட்டாங்க. சத்தியமா வேணாம்."

"பாருங்க, இந்த மனிசன்ட பெருமையில்லாத குணத்த" என்று றம்லத் மகனிடம் சொல்லிச் சிரித்தார்.

ஏன் வரக்கூடாது என்று விளக்கினால், அவருடைய கணவர் தேநீர் குடித்தபடி செய்த தயவுதான் எல்லாவற்றுக்கும் முதற் பொய் என்று சொல்ல வேண்டும். அழகமுத்து தேநீரைக் குடித்து முடித்து எழுந்தார்.

வழக்கு நாளில் நீதிமன்ற நடையில் அவரும் கஜலட்சுமியும் சுவரோரமாக நின்றார்கள். அவருடைய முறைக்கு முன் இன்னும் ஒரு வழக்குத்தான் இருந்தது. மோகனராஜ் வாங்கில் உட்கார்ந்து கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கடன் கொடுத்தவர்கள் ஒருவரும் வரவில்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தது.

படியேறி இல்ஹாம் வந்தான். அவன் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, கறுப்பு அபாயாவில் றம்லத். கையில் ஒரு தகர டப்பா.

"வீட்டுக்காரியா? இந்தாங்க மகள், தொதல். நானே கிண்டினது." இனிப்பு டப்பாவைக் கஜலட்சுமியின் கையில் வைத்தார். கஜலட்சுமி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தார். அழகமுத்து றம்லத்துக்கு முன்னால் வந்து நிற்க முயன்றார்.

"அக்கா, கீழ போய் உக்காருவோம், வாங்க..."

அதற்குள் மோகனராஜ் மரியாதையாக எழுந்துவிட்டார். "இதுல உக்காருங்கம்மா. நீங்க எந்த வழக்குக்கு?"

"அழகமுத்து தம்பிட வழக்குக்குத்தான்." றம்லத் உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்தார். "நீங்கதான் அந்தக் கணக்குக்காரரா? நல்லதாப் போச்சு. உங்கள்ட்டயே செல்றேன். இவரப் போல ஒரு மனிசன் இந்தக் காலத்துல ஈக்காங்களா? என்ட மனிசன் ஹலாலாக்கின கடன, அவரு மவுத்தான பொறகும், மாசா மாசம் கொண்டுவந்து..."

மோகனராஜின் முகத்தில் புன்னகை இருந்தபடியே இருந்தது. அவருடைய கை மட்டும் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தது.

"எந்தக் கடன்மா?"

உள்ளேயிருந்து அழகமுத்துவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் கதவை நோக்கி நடந்தார். நடையில் கூட்டம் அதிகமில்லாததால், பின்னால் கேட்ட கேள்வியும் தெளிவாகவே கேட்டது.

"எந்த மாசத்துல இருந்து குடுக்குறாரும்மா?"

நல்ல மனிதனுக்குச் சாட்சி சொல்ல வந்த றம்லத், நினைவில் பிழை வந்துவிடக்கூடாதே என்று, விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினார்.